பத்து வயதுக்கு மேல் பெரியவர்

மார்லிஸ் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் உட்காரவில்லை. கைப்பையைக் கணவன் டுவேனின் மடியில் போட்டுவிட்டு, வரிசையாக மூடி போட்டு வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். முட்டையில் குடைமிளகாய் கிடந்தது. உருளைக்கிழங்கில் வெங்காயம். ரொட்டி இருந்தது, ஆனால் மேலெல்லாம் ஏதோ விதை ஒட்டியிருந்தது. கஞ்சிக்குள் திராட்சை. கடைசிப் பாத்திரத்தை மூடிவிட்டு, இரண்டாம் முறை பார்த்தால் வேறு ஏதாவது இருக்கும் என்பதுபோல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"மார்லிஸ், வந்து உக்காரு," என்று டுவேன் மேஜையிலிருந்து கூப்பிட்டான். "எல்லாம் இருக்கு. மூணு வேளையும் இருக்கு. ஊருக்குத் திரும்புற வரைக்கும் இருக்கு. இனிமே நீ எதையும் தேட வேணாம்."

"இரு, பால் எங்கேன்னு பாத்துட்டு வரேன்."

பால் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் தேடியது, எதுவும் கலக்காத கார்ன்ஃப்ளேக்ஸ். அது ஓர் ஓரத்தில், கைக்குழந்தைகளுக்கான நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, யாரோ பறித்துவிடுவார்கள் என்பதுபோல் வேகமாக மேஜைக்கு வந்தாள்.

வடக்கே ஏரிக்கரைத் துறைமுக ஊரான டுலூத்திலிருந்து தெற்கே ஆர்லாண்டோவுக்கு அவர்கள் முந்தின நாள்தான் வந்திருந்தார்கள். ஏரி உறைந்து கப்பல்கள் நின்றுபோகும் மாதங்களில்தான் டுவேனுக்கு வேலை அதிகம். துறைமுகத்துத் தானியக் கிடங்கின் இயந்திரங்களை அப்போதுதான் பிரித்துப் போட்டுப் பழுது பார்ப்பார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க விடுமுறை எடுக்காமல் உழைத்து, மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடும் நாட்களுக்கு அவன் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தான். அறையோடு சாப்பாட்டுத் திட்டத்தையும் சேர்த்தே வாங்கியிருந்தான். கேளிக்கைப் பூங்காவுக்குள் எந்தக் கடையிலும், மணிக்கட்டில் கட்டிவிட்ட கைப்பட்டையைக் காட்டினால் போதும், உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள்.

மார்லிஸ் அதைக் கேட்டபோது சிரித்து, "நம்ம வீட்டுக்கா?" என்றாள்.

"நம்ம வீட்டுக்குத்தான். நாலு பேரும் ஒரே மேஜையில உக்காந்து, சூடா, ஒரே நேரத்துல சாப்பிடணும். ஒரு தடவையாவது. நீ அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே முழுங்குறதைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

பெரியவன் எவரெட்டுக்கு இரண்டு வயதானதிலிருந்து அவள் தினமும் இரண்டு சமையல் சமைக்கிறாள். அவன் சாப்பிடுவதை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். வெண்ணெய் மட்டும் போட்ட நூடுல்ஸ், ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டி, தோல் சீவிய ஆப்பிள், வறுத்த உருளைக்கிழங்கு, எதுவும் கலக்காத கார்ன்ஃப்ளேக்ஸ். மற்றதெல்லாம் வாசனையிலேயே அவன் தொண்டையை அடைத்துவிடும். அது பிடிவாதமில்லை, உடம்பு அப்படி, வற்புறுத்தினால் இன்னும் மோசமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எவரெட்டிடம், பிடிக்காத வாசனை வந்தால் பசிதான் முதலில் பறந்துபோகும்.

அவனுக்குப் பன்னிரண்டு முடிந்து ஜூனில் பதின்மூன்று. பார்வைக்கு ஒன்பது என்றுகூடச் சொல்லலாம். தங்கை கொரீனுக்குத்தான் நிஜமாக ஒன்பது. அவள் அவனைவிட நாலு விரல் உயரம், தோளும் அகலம், தட்டில் எதை வைத்தாலும் துடைத்துவிடுவாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவளைத்தான் மூத்தவள் என்பார்கள். அப்போதெல்லாம் எவரெட் சட்டைத் தொப்பியை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வான்.

அன்று மதியமே சிக்கல் தொடங்கியது.

அவர்கள் போன கடை ஒரு பழைய கப்பலைப் போல் கட்டியிருந்தது. பரிமாற வந்த பெண் குழந்தைகளுக்கான சின்ன உணவு அட்டையைக் கொரீன் முன்னாலும் பெரிய அட்டைகளை மற்ற மூவர் முன்னாலும் வைத்தாள். கைப்பட்டையைக் கருவியில் தட்டியபோதே பிள்ளைகளின் வயது அவளுக்குத் தெரிந்திருந்தது. பெரிய அட்டையில் இறால், விலா எலும்பு, காளான் போட்ட கோழி. சின்ன அட்டையில் வெண்ணெய் நூடுல்ஸ்.

"இவனுக்கு அந்த நூடுல்ஸ் கிடைக்குமா?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"அது ஒன்பது வயசு வரைக்கும்தாங்க. பத்துக்கு மேல உங்க திட்டத்துல பெரியவங்க கணக்கு. பெரியவங்க சாப்பாட்டுல எதை வேணா எடுத்துக்கலாமே. அதுல நிறையவும் வரும்."

"நிறைய வேண்டாம். வெறும் நூடுல்ஸ் போதும்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பரிவோடு சிரித்துவிட்டு, பெரியவர்களுக்கான ஒரு நூடுல்ஸை "ஒண்ணும் போடாம" கொண்டுவரச் சொல்வதாகப் போனாள். அது பச்சைப் பசேலென்று ஏதோ தழை தூவி வந்தது. மார்லிஸ் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது தடவை தழை இல்லை, சீஸ் இருந்தது. மூன்றாவது தடவைக்கு அவளே எழுந்து சமையலறைக் கதவு வரை போய்விட்டாள். அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது டுவேனின் தட்டில் இருந்த மாமிசம் ஆறியிருந்தது. அவன் கத்தியைக்கூடக் கையில் எடுக்காமல் காத்திருந்தான்.

"நீ சாப்பிட வேண்டியதுதானே!"

"நாலு பேரும்னு சொன்னேன்ல," என்றான் அவன். பிறகு மகனைப் பார்த்து, "ஒரே ஒரு வாய் இந்தக் கோழியைப் பாரேன்டா. பிடிக்கலைன்னா துப்பிரு," என்றான்.

"அப்பா, வேணாம்."

"நான் உன் வயசுல..."

"டுவேன்," என்றாள் மார்லிஸ்.

வழி கண்டுபிடித்தவள் கொரீன்தான். "நான் நூடுல்ஸ் சொல்றேன், அவன் இறால் சொல்லட்டும். வந்ததும் மாத்திக்கலாம். எனக்கு இறால் பிடிக்கும்." இவ்வளவு எளிதாக முடியுமென்று பெரியவர்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. மார்லிஸ் மகளின் தலையில் முத்தம் கொடுத்தாள். எவரெட் நூடுல்ஸைச் சாப்பிட்டான். கொரீன் இறால் வாலைப் பிய்த்துப் பிய்த்து, தட்டைச் சுற்றி வேலிபோல் அடுக்கினாள்.

இரவும் அப்படியே நடந்தது. மறுநாள் மதியமும். ஆனால் மறுநாள் மதியம் கொரீனின் கண் பக்கத்து மேஜைக்குப் போயிற்று. அங்கே ஒரு சிறுமிக்குச் சின்ன அட்டைச் சாப்பாட்டோடு நீல விளக்கு எரியும் கோப்பையும், நட்சத்திர வடிவத்தில் வெட்டிய கேக்கும் வந்திருந்தன. கொரீன் வாங்கியதும் அதே சாப்பாடுதான். ஆனால் கோப்பையும் கேக்கும் நூடுல்ஸோடு சேர்ந்து தட்டோடு எவரெட் பக்கம் நகர்ந்திருந்தன. அவன் கேக்கைத் தொடவில்லை, வேண்டுமா என்று கேட்கவும் தோன்றவில்லை.

"எனக்கு என் சாப்பாடு வேணும்," என்றாள் கொரீன்.

"நீதானே இறால் பிடிக்கும்னே?" என்றாள் மார்லிஸ்.

"நேத்து பிடிச்சுது. எத்தனை நாளைக்கு இவனுக்கு நான் சாப்பாடு சொல்லித் தரணும்? நான் என்ன இவன் அக்காவா?" அவள் எவரெட் பக்கம் திரும்பி, குழந்தையிடம் பேசும் குரலில், "தம்பிக்கு என்ன வேணும்? தம்பிக்கு நூடுல்ஸா? அக்கா ஊட்டட்டுமா?" என்றாள்.

எவரெட் கோப்பையைத் தள்ளினான். அது உருண்டு கீழே விழுந்தும் நீலமாக எரிந்துகொண்டே கிடந்தது.

"எடுத்துக்கோ உன் கோப்பையை. ஒட்டகச்சிவிங்கி."

"குட்டை!"

"போதும்!" என்றான் டுவேன். பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன.

அன்று பிற்பகல் முழுக்க மார்லிஸால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பிள்ளைகள் சவாரி வரிசைகளில் நின்ற நேரத்தில் அவள் ஒவ்வொரு கடை வாசலுக்கும் போய், கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த உணவு அட்டைகளைப் படித்தாள். படித்ததை மறந்து மறுபடி படித்தாள். ஒரு வண்டிக்காரனிடம் வெறும் வறுத்த உருளைக்கிழங்கு கேட்டாள். அவன் அதன் மேல் சிவப்புப் பொடி தூவித்தான் வைத்திருந்தான். வெயிலில் செருப்புக்குள் கால் வழுக்கியது. தொலைபேசியில் டுவேனின் குரல் வந்தது. "எங்க இருக்கே? வரிசையில எங்க முறை வந்துருச்சு. அவன் உன்னைத் தேடுறான்." உண்மையில் தேடுகிறவன் எவரெட் இல்லை, தான்தான் என்பது டுவேனுக்கே தெரியுமோ என்னவோ. அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மூவரும் சவாரி முடிந்து வெளியே நின்றிருந்தார்கள். சவாரியில் எடுத்த படத்தில் அவள் உட்கார வேண்டிய இருக்கை காலியாகத் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் மாதக்கணக்கில் முன்பே மேஜை பிடித்து வைத்திருந்த இடத்துக்குப் போனார்கள். பூங்காவின் வேஷக்கார மாலுமிக் கரடி அங்கே மேஜை மேஜையாக வந்து பிள்ளைகளோடு கூத்தடிக்கும். உள்ளே ஒரே இரைச்சல். பரிமாற வந்தவள் நடுவயதுக்காரி, பெயர்ப்பட்டையில் இமெல்டா என்று இருந்தது. கைப்பட்டை தட்டும் கருவி வேலை செய்யவில்லை, அதனால் அவள் வாயாலேயே கேட்டாள்.

"இவங்க ரெண்டு பேருக்கும் என்ன வயசு? அட, இரட்டைப் பிள்ளைங்களா?"

டுவேன் அப்போது பக்கத்து அலமாரியில் நாப்கின் எடுத்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் உணவு அட்டையைப் பார்த்தாள். சின்ன அட்டையில், முதல் வரியிலேயே, வெண்ணெய் நூடுல்ஸ். அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"ஆமா. இரட்டை. ஒன்பது வயசு."

கொரீன் வாயைப் பிளந்தாள். எவரெட் முன்னால் சின்ன அட்டையும், வண்ணம் தீட்டும் தாளும், நாலு மெழுகுப் பென்சில்களும் வந்தன. நூடுல்ஸ் வந்தது. தழை இல்லை, சீஸ் இல்லை, வெண்ணெய் மட்டும் மினுமினுத்தது. இந்த இரண்டு நாளில் அவன் பேரிலேயே வந்த முதல் சரியான தட்டு அதுதான். மார்லிஸுக்கு மூச்சு சீரானது.

"எப்படிக் கிடைச்சுது?" என்று டுவேன் உட்கார்ந்தபடி கேட்டான்.

"கேட்டேன், குடுத்தாங்க."

அதோடு விட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். இமெல்டா நல்ல மனசுக்காரி. தன் மேஜைக்கு இரட்டைப் பிள்ளைகள் வந்திருப்பதை அவள் மாலுமிக் கரடியின் காதில் போட்டாள். கரடி துள்ளிக்கொண்டு வந்தது. கூடவே ஒலிவாங்கி பிடித்த ஓர் இளைஞன். "இதோ நம்ம கப்பல்ல இன்னிக்கு இரட்டையர்! யாரு பெரிய மாலுமி, யாரு குட்டி மாலுமி, பாத்துருவோமா?" கூடமே கை தட்டியது. கரடி இருவரையும் கையைப் பிடித்து எழுப்பி, முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வைத்தது. தன் பஞ்சுக் கையைத் தட்டையாக்கிக் கொரீனின் தலையில் வைத்தது. அப்படியே எவரெட்டின் தலைக்குக் கொண்டுபோய், இடைவெளியைப் பார்த்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அதிர்ச்சி அடைந்ததுபோல் ஆடியது. எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் அது எவரெட்டின் தலையைத் தட்டிக் கொடுத்தது.

கொரீன் சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் சொல்லலை," என்று அவனிடம் முணுமுணுத்தாள்.

எவரெட் ஒலிவாங்கிக்காரன் பக்கம் திரும்பினான். "எனக்குப் பன்னிரண்டு வயசு," என்றான். குரல் அவன் எதிர்பார்க்காத அளவுக்குக் கூடமெல்லாம் கேட்டது. "ஜூன் வந்தா பதிமூணு. இது என் தங்கச்சி. எங்கம்மா பொய் சொன்னாங்க."

பிறகு கதவைப் பார்த்து நடந்தான். கரடி என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தொங்கவிட்டது. டுவேன் மனைவியைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான், எழுந்து மகன் பின்னால் போனான்.

இமெல்டாவின் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உள்ள கேட்டுக் குடுத்திருப்பேனே," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. மார்லிஸுக்கு அதுதான் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டாள், நன்றி சொன்னாள், மறுபடி மன்னிப்புக் கேட்டாள். கொரீனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே கூட்டம். ஆட்டம் முடிந்து வருகிறவர்களும் ஆட்டத்துக்குப் போகிறவர்களும் எதிரெதிரே மோதினார்கள். அவள் டுவேனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. "என்னோடதான் இருக்கான்," என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. எங்கே என்று இல்லை. குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். எதிர்ப்பக்கம் இருப்பார்களோ என்று திரும்பினாள்.

"அம்மா, கொஞ்சம் நில்லு. எனக்குக் கால் வலிக்குது."

"கொஞ்சம்தான், கண்ணு."

"அப்பாகூடத்தானே இருக்கான். அப்புறம் ஏன் ஓடுறே?"

அவன் டுவேனோடு இருக்கிறான் என்பதுதான் அவளை ஓடவைத்தது. பத்து வருடமாக டுவேனின் "ஒரே ஒரு வாய்"க்கும் மகனுக்கும் நடுவில் நின்றவள் அவள்.

அவர்களைப் படகுத்துறைப் பக்கத்தில் ஒரு திறந்தவெளிக் கடையில் கண்டாள். டுவேன் முன்னால் புகையில் வாட்டிய பெரிய வான்கோழிக் கால். எவரெட் முன்னாலும் அதே மாதிரி ஒன்று, தொடப்படாமல், அப்பா பக்கம் தள்ளியபடி. எவரெட் அதோடு வந்த வெள்ளை பன்னை உள்பக்கமிருந்து பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

மார்லிஸ் எதிரே உட்கார்ந்தாள். "கண்ணு, அம்மா உனக்காகத்தான்..."

"தெரியும்."

"நீ பசியோட இருக்கக் கூடாதுன்னு..."

"தெரியும்மா! எப்பவும் எனக்காகத்தான்." அவன் பன்னைக் கீழே வைத்தான். "அப்பா என்னைத் திட்டுறாரு. ஆனா பன்னிரண்டு வயசுக்காரனா நெனச்சுத்தான் திட்டுறாரு. நீ என்னைக் குழந்தையாக்கிட்டே. எல்லார் முன்னாடியும்."

டுவேன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். எவரெட் அவனையும் விடவில்லை. "நீ ஒண்ணும் பெருமைப்படாதே. நான் தின்னுற ஒவ்வொரு வாய்க்கும் என் மூஞ்சியைப் பாக்குறே. டிவி பாக்குற மாதிரி. எனக்கு அப்படியே தொண்டை இறுகுது."

கொரீன் அந்த இரண்டாவது வான்கோழிக் காலைப் பார்த்தபடி, "இதை யாராவது சாப்பிடப் போறீங்களா?" என்று கேட்டாள். டுவேன் அதை அவள் பக்கம் தள்ளினான்.

"சரி, என்ன செய்யணும், நீயே சொல்லு," என்றான் மகனிடம்.

"நானே கேட்டு வாங்கிக்கிறேன். பெரியவங்க அட்டையிலேர்ந்து. எனக்கு ஆகுற மாதிரி எது வருதோ அதைத் திங்கிறேன், மிச்சத்தை நீங்க தின்னுங்க. யாரும் கேக்கக் கூடாது. யாரும் பாக்கக் கூடாது." அம்மாவைப் பார்த்தான். "யாரும் எந்திரிச்சு சமையலறைக்குப் போகக் கூடாது."

"ஒண்ணுமே கிடைக்கலைன்னா?" என்றாள் மார்லிஸ்.

"கிடைக்கலைன்னா கிடைக்கலை."

அடுத்த நாள் அப்படித்தான் போயிற்று. எவரெட் ஒவ்வொரு கடையிலும் பெரிய அட்டையை விரித்து, நீதிபதிபோல் மேலிருந்து கீழ்வரை படிப்பான். எந்தச் சாப்பாட்டோடு ரொட்டி வரும், எதோடு உருளைக்கிழங்கு வரும், அது தனித் தட்டில் வருமா என்று பரிமாறுகிறவரிடம் கேட்பான். முதல் தடவை கேட்டபோது காது சிவந்து, வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. மார்லிஸ் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்த்தையைத் தானே சொல்லி முடித்துவிட அவள் நாக்கு துடித்தது. டுவேன் மேஜைக்கு அடியில் அவள் முழங்காலில் கை வைத்தான். எவரெட் எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி கேட்டான்.

ஓரம் தள்ளிய மாமிசமெல்லாம் டுவேனுக்கு. மாலைக்குள் அவன் பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். "இந்தத் திட்டம் என்னைக் கொன்னுரும்டா," என்றான். "அடுத்ததா மீன் சொல்லு. லேசா இருக்கும்."

"மீனோட சோறுதான் வருது. உருளைக்கிழங்கு மாட்டோடதான்."

"மாடு வேணாம்டா, சாமி."

ஆனால் எல்லா வேளையும் அப்படி அமையவில்லை. அதற்கும் மறுநாள், கடைசி நாள் மதியம் போன இடத்தில் எல்லாமே குழம்பில் மிதந்தது. ரொட்டியில் பூண்டு தடவியிருந்தது. எவரெட் கேட்டான். இல்லை என்றார்கள். "சரி," என்று அட்டையை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். மார்லிஸின் பைக்குள் பிஸ்கட் பொட்டலம் இருந்தது. அவள் கை பையின் ஜிப்பு வரை போயிற்று.

"அம்மா, வேணாம்," என்றான் அவன், அவளைப் பார்க்காமலேயே.

அவள் கையை எடுத்தாள். மகன் வெறும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க மற்ற மூவரும் சாப்பிட்டார்கள். இதை அவள் என்றைக்கும் நடக்க விட்டதில்லை. ஒவ்வொரு கவளமும் மணலாக இறங்கியது. பிற்பகலில் அவனுக்குத் தலை வலித்தது. நிழலில் ஒரு பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்தான். அவள் பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நீ சுத்துறதைப் பாத்தா எனக்குத்தான் தலை சுத்துது," என்றான் டுவேன். கடைசியில் எவரெட்டே எழுந்தான். "பசிக்குது. நான் போய்க் கேட்டுட்டு வரேன்," என்று கைப்பட்டையைச் சரிசெய்துகொண்டு தனியாகப் போனான். அவள் கூடப் போகவில்லை. போகாமல் இருக்க, பெஞ்சின் இரும்புக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டியிருந்தது.

வெகுநேரம் கழித்து வந்தான். "அங்க தெருமுனையில ஒரு கடை. வாங்க," என்றான்.

அந்தக் கடையில் வராந்தா மேஜைகள் இருந்தன. எவரெட்டுக்கு வந்தது பெரியவர்களுக்கான நூடுல்ஸ், தக்காளிச் சாறும் பட்டாணியும் புரட்டியது. மார்லிஸ் பதறிப்போய் டுவேனைப் பார்த்தாள். கூடவே ஒரு கிண்ணம் நிறைய வெந்நீரும் ஒரு வெறும் தட்டும் வந்தன.

"சாறு இல்லாம தர முடியாதாம், முன்னாடியே கலந்துட்டாங்களாம்," என்றான் எவரெட், யாரும் கேட்காமலே. "அப்ப வெந்நீராவது குடுங்கன்னேன்."

முள்கரண்டியால் ஒவ்வொரு இழையாக எடுத்து, வெந்நீரில் முக்கி அலசி, வெறும் தட்டில் வைத்தான். பட்டாணியை ஓரமாக உருட்டினான். தண்ணீர் ஆரஞ்சு நிறமானதும் எழுந்துபோய் வேறு கிண்ணம் வாங்கி வந்தான். அலசின இழைகளில் வெண்ணெய் தடவினான். அது ஆறிப்போய், நிறம் மங்கி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அவன் தின்ன ஆரம்பித்தான்.

யாரும் பார்க்கவில்லை. டுவேன் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். கொரீன் பக்கத்துக் கூரையில் இருந்த கடற்பறவையைப் பார்த்தாள். மார்லிஸுக்குப் பார்க்க வேறு எதுவும் கிடைக்காததால் தன் தட்டைப் பார்த்தாள். சாறு இல்லாத கோழி, எதுவும் தூவாத சோறு. எப்போதும் அதைத்தான் சொல்வாள். அவனுக்கு ஒருவேளை வேண்டியிருந்தால் உடனே மாற்றிக் கொடுக்கலாம் என்று. அவளுக்கு இப்படிப் பிடிக்குமா என்று அவள் தன்னைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. வாயில் போட்டு மென்றாள். பிடிக்கவில்லை.

அந்தப் பக்கமாகப் போன பையனை நிறுத்தி, "இதுக்குக் காரமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். டுவேன் புருவத்தை உயர்த்தினான்.

தெருவின் அந்தக் கோடியில் முரசு ஒலிக்கத் தொடங்கியது. மாலை ஊர்வலம். வராந்தாவில் இருந்தவர்கள் தட்டுகளைப் போட்டது போட்டபடி எழுந்து ஓடினார்கள். கொரீன் நாற்காலியில் எம்பி எம்பி உட்கார்ந்தாள். "அப்பா, ஊர்வலம்! எழுந்திருங்க! கடைசி நாள்!"

எவரெட் தலை நிமிரவில்லை. "நான் இன்னும் முடிக்கலை," என்றான்.

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர்கள் யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து எப்போதும் முதலில் எழுந்து போகிறவன் அவன்தான்.

"உக்காரு, கொரீன்," என்றான் டுவேன் மெதுவாக. "ஊர்வலம் நாளைக்கும் வரும்."

"நாளைக்கு நாம விமானத்துல இருப்போம்!"

"அப்போ அடுத்த வருஷம் வரும்."

"அடுத்த வருஷமும் இந்தச் சாப்பாட்டுத் திட்டம்தானா?" என்று கேட்டான் எவரெட், ஓர் இழையை வெந்நீரில் முக்கியபடி.

"ஏன், வேணாமா?"

அவன் யோசித்தான். "ரெண்டு கிண்ணம் வெந்நீர்னு இப்பவே சொல்லி வச்சிரு."

கொரீனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முரசு கடையைத் தாண்டிப் போயிற்று. தலைகளுக்கு மேலே கொடிகளின் நுனி மட்டும் தெரிந்தது. மார்லிஸ் காரக் குப்பியைச் சாய்த்துக் கோழி மேல் விட்டாள். கொஞ்சம் அதிகமாகவே விட்டுவிட்டாள். கண்ணில் நீர் வந்தது, மூக்கு ஒழுகியது, ஆனாலும் தட்டை விடவில்லை. மேஜைக்கு அடியில் அவள் ஒரு கால் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. எழவில்லை.